படிக்கட்டும் பந்தியும்

கொல்கத்தாவின் காலேஜ் ஸ்ட்ரீட்டில் வெள்ளைக்காரப் பேராசிரியரை மாணவர்கள் எதிர்த்த கதை ஊரறிந்தது. அதே கல்லூரியின் விடுதியில் நடந்த கதை அவ்வளவாக வெளியே வரவில்லை.

காலேஜ் ஸ்ட்ரீட்டில் யாரும் நடப்பதில்லை. புத்தகங்களுக்கு நடுவே உடம்பை ஒடுக்கிக்கொண்டு நகர்கிறார்கள். தகரமும் பலகையும் சேர்த்துக் கட்டிய நூற்றுக்கணக்கான கடைகள் நடைபாதையை விழுங்கிவிட்டன. மருத்துவம், சட்டம், பத்தாம் வகுப்பு வழிகாட்டி, அட்டை கிழிந்த ரவீந்திரர் என எதைக் கேட்டாலும் கடைக்காரர் அடுக்கின் நடுவிலிருந்து உருவுகிறார், அடுக்கு சரிவதில்லை. 1985-ல் எரிந்துபோன மூர் மார்க்கெட்டை இன்னும் மனதில் வைத்திருக்கும் சென்னைவாசிகளுக்கு இங்கே கொஞ்சம் பெருமூச்சு வரும்.

கடைகளுக்குப் பின்னால் இருக்கும் மதில்களைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. சுமார் ஒரு கிலோமீட்டருக்குள் மருத்துவக் கல்லூரி, கல்கத்தா பல்கலைக்கழகம், பிரசிடென்சி, சமஸ்கிருதக் கல்லூரி, இந்து பள்ளி, ஹேர் பள்ளி என்று நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. இந்தியாவின் நவீனக் கல்வி இந்தத் தெருவில்தான் பிறந்தது என்று கொல்கத்தாக்காரர்கள் சொல்வார்கள். கொஞ்சம் மிகைதான், ஆனால் அதிகம் குறைக்கவும் முடியாது. எதிரே 'கோல்திகி' என்று உள்ளூர்க்காரர்கள் அழைக்கும் காலேஜ் ஸ்கொயர் குளம். அதன் கரையில் டேவிட் ஹேர் புதைக்கப்பட்டிருக்கிறார். கடிகாரம் செய்ய வந்து கல்விக்காகச் சொத்தைக் கரைத்த ஸ்காட்லாந்துக்காரர். 1842-ல் காலராவில் இறந்தபோது, கடவுள் நம்பிக்கை போதாதவர் என்று கருதிக் கிறிஸ்தவக் கல்லறையில் இடம் தரவில்லை. அதனால் தான் வளர்த்த மாணவர்களின் நடுவிலேயே தங்கிவிட்டார்.

யாருக்கு இடம் உண்டு, யாருக்கு இல்லை என்ற வழக்கு இந்தத் தெருவில் கல்லறையோடு முடியவில்லை. ஒவ்வொரு மதிலிலும் அதன் தடம் இருக்கிறது.

1817-ல் தொடங்கிய இந்து கல்லூரியில் பெயருக்கேற்ப இந்துப் பையன்களுக்கு மட்டுமே இடம். அங்கே 1826-ல் பாடம் நடத்த வந்தவரோ போர்ச்சுக்கீசிய ரத்தக் கலப்புள்ள ஹென்றி டெரோசியோ. பதினேழு வயது ஆசிரியர். எதையும் கேள்வி கேள் என்று கற்றுக்கொடுத்தார்; பையன்கள் அதை வீட்டிலும் செய்துபார்த்தார்கள். பெற்றோர் கொதித்தெழுந்தார்கள். 1831 ஏப்ரலில் டெரோசியோ பதவி விலக நேர்ந்தது. அதே டிசம்பரில் காலரா அவரைக் கொண்டுபோயிற்று. வயது 22.

பக்கத்துக் கட்டிடமான சமஸ்கிருதக் கல்லூரி 1824-ல் தொடங்கியது. அதன் வாசல் இன்னும் குறுகல். பிராமணருக்கும் வைத்தியர் சாதியாருக்கும் மட்டுமே இடம். 1851-ல் முதல்வரான ஈசுவர சந்திர வித்யாசாகர் முதலில் காயஸ்தர்களைச் சேர்த்தார். மூன்று ஆண்டுகள் கழித்து 'மதிப்புக்குரிய' எல்லா இந்துக்களுக்கும் கதவு திறந்தது. அந்த 'மதிப்புக்குரிய' என்ற சொல்தான் உறுத்துகிறது. மதிப்பை அளந்து கொடுக்கும் தராசு யார் கையில் இருந்தது என்று கேட்கத் தோன்றுகிறது.

தெருவின் தென்பகுதியில் நேர்மாறான காட்சி. 1835-ல் தொடங்கிய மருத்துவக் கல்லூரியில் சாதி, மத பேதம் பார்க்கக் கூடாது என்று ஆரம்ப ஆணையிலேயே எழுதிவிட்டார்கள். மறு ஆண்டு மதுசூதன் குப்தா பிணத்தை அறுத்துப் பாடம் கற்றார். அந்த நாளில் கோட்டையில் பீரங்கி முழங்கியதாகச் சொல்வார்கள். பீரங்கி வெடித்ததோ இல்லையோ, பிணத்தைத் தொட்ட கையைச் சமூகம் விலக்கும் என்று தெரிந்தே அவர் கத்தியை எடுத்தார். அவரும் அதற்கு முன்பு சமஸ்கிருதக் கல்லூரியில் இருந்தவர்தான்.

1853-ல் நடந்தது இன்னும் சுவாரசியம், இன்னும் கசப்பு. ஹீரா புல்புல் என்ற புகழ்பெற்ற கணிகை தன் மகனை இந்து கல்லூரியில் சேர்த்தார். ஊர் கொந்தளித்தது. பெரிய வீட்டுப் பிள்ளைகள் பலர் விலகினார்கள். போட்டிக்கு 'இந்து மெட்ரோபாலிடன் கல்லூரி' என்று ஒன்று அவசர அவசரமாக முளைத்தது. கடைசியில் அந்தப் பையன்தான் வெளியேற வேண்டியிருந்தது. அவனைத் துரத்த ஒரு கல்லூரியையே கட்டினார்கள் என்றால், அந்த ஒற்றைப் பையனுக்கு எவ்வளவு பயந்திருக்க வேண்டும்! 1855-ல் அரசு இந்து கல்லூரியின் மேல்வகுப்புகளை எடுத்துக்கொண்டு பிரசிடென்சி கல்லூரியாக்கியது. அன்றிலிருந்துதான் எல்லா மதத்தாருக்கும் வாசல் திறந்தது.

பெண்கள் கதை சற்று வடக்கே, பெத்யூனில் நடந்தது. டேராடூனிலிருந்து வந்த சந்திரமுகி பாசு கிறிஸ்தவர் என்பதால் பெத்யூன் பள்ளியில் அவருக்கு இடமில்லை. வேறு இடத்தில் படித்துத் தேறினார். பிறகு விதி தளர்ந்தது. 1883-ல் காதம்பினியும் அவரும் பட்டம் பெற்றார்கள். ஒரு காலத்தில் உள்ளே விட மறுத்த அதே பெத்யூனுக்குச் சந்திரமுகி பின்னாளில் முதல்வரானார்.

இனி பிரசிடென்சியின் படிக்கட்டு. இதன் கதை கொல்கத்தாவில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

அதற்கு முன் ஒரு சம்பளப் பட்டியல். 1885-ல் ஜகதீஷ் சந்திர போஸ் இங்கே பௌதிகப் பேராசிரியராகச் சேர்ந்தார். ஐரோப்பியர் வாங்குவதில் மூன்றில் இரண்டு பங்குதான் இந்தியருக்கு. தற்காலிக நியமனம் என்பதால் அதிலும் பாதி, அதாவது மூன்றில் ஒரு பங்கு. போஸ் வாதாடவில்லை, வேலையையும் விடவில்லை. சம்பளத்தை மட்டும் தொட மறுத்தார். மூன்று ஆண்டுகள் அப்படியே பாடம் நடத்தினார். கடைசியில் அரசு முழுச் சம்பளத்தையும் பழைய பாக்கியோடு கொடுத்தது. உண்ணாவிரதத்துக்கு முந்தைய காலத்தின் ஊதியாவிரதம் என்று சொல்லலாம்.

1916-ல் பொறுமைக்கு வேலை இல்லாமல் போனது. வரலாற்றுப் பேராசிரியர் ஈ.எஃப். ஓட்டன், தன் வகுப்பறைக்கு வெளியே தாழ்வாரத்தில் நின்ற மாணவர்களைப் பிடித்துத் தள்ளினார் என்று ஜனவரியில் புகார். கல்லூரியில் வேலைநிறுத்தம், பின்பு சமரசம். பிப்ரவரியில் அவர் மீண்டும் ஒரு மாணவன்மீது கை வைத்தார் என்ற செய்தி பரவியது. பிப்ரவரி 15 அன்று படிக்கட்டருகே மாணவர்கள் அவரைத் தாக்கினார்கள். சில நொடிகளில் முடிந்த காரியம். அதிர்வு லண்டன்வரை போயிற்று.

விலக்கப்பட்டவர்களில் ஒருவர் கட்டாக்கிலிருந்து வந்த 19 வயது மாணவர், சுபாஷ் சந்திர போஸ். ஆஷுதோஷ் முகர்ஜி தலைமையிலான விசாரணைக் குழு, தாக்குதல் சரியா என்று அவரிடம் கேட்டது. சரியில்லைதான், ஆனால் மாணவர்களை அந்த அளவுக்குச் சீண்டினார்கள் என்று சொல்லி, கல்லூரியில் வெள்ளையர் நடந்துகொண்ட விதத்தை ஒவ்வொன்றாக எடுத்துவைத்தார். தவறு என்று மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தியிருந்தால் ஒருவேளை தப்பியிருப்பார். படிப்பு தடைப்பட்டது. 1917-ல்தான் ஸ்காட்டிஷ் சர்ச் கல்லூரியில் இடம் கிடைத்தது. ஓட்டனோ பல ஆண்டுகள் கழித்து, சுபாஷ் மறைந்த பிறகு, அவரைப் போற்றி ஒரு கவிதை எழுதினார். ஆங்கிலேயர்களில் சிலருக்கு ஞானம் இப்படித் தாமதமாகத்தான் வந்தது.

இந்தக் கதையை வங்காளிகள் சொல்லும்போது குரல் உயரும். உயரட்டும். ஆனால் பிரசிடென்சியிலிருந்து இரண்டு நிமிடம் நடந்து, பியாரி சரண் சர்க்கார் தெருவில் இருக்கும் சிவப்புக் கட்டிடத்துக்கும் போக வேண்டும். அது ஈடன் இந்து ஹாஸ்டல்.

1911-ல் மேகநாத் சாஹா என்ற பையன் இந்த விடுதிக்கு வந்தான். டாக்கா பக்கம் செவ்ராதலி கிராமம். அப்பாவுக்குச் சிறிய மளிகைக் கடை. சாதி அடுக்கில் கீழே வைக்கப்பட்ட குலம். பள்ளி நாளிலேயே ஆளுநரின் வருகையைப் புறக்கணித்ததற்காக டாக்கா அரசுப் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டு உதவித்தொகையை இழந்தவன். வெள்ளையனை எதிர்த்ததற்கு விலை கொடுத்ததில் அவன் சுபாஷுக்கு மூத்தவன் என்றே சொல்ல வேண்டும். கல்லூரியில் சத்யேந்திரநாத் போஸ் அவனுடைய வகுப்புத் தோழர். ஜகதீஷ் போஸும் பிரபுல்ல சந்திர ராயும் ஆசிரியர்கள்.

வகுப்பில் எல்லாம் சரி. மணி அடித்துச் சாப்பிடப் போனால் சிக்கல். அவனோடு ஒரே பந்தியில் உட்கார முடியாது என்றார்கள் மேல்சாதி மாணவர்கள். சரஸ்வதி பூஜையின்போதும் அவனை ஒதுக்கினார்கள். கல்வித் தெய்வத்துக்குப் பூப்போடும் தகுதி, அந்த விடுதியின் மிகச் சிறந்த மாணவர்களில் ஒருவனுக்கு இல்லை! சாஹா விடுதியை விட்டு வெளியேறி ஒரு மெஸ்ஸுக்குக் குடிபோனார். கொல்கத்தாவில் 'மெஸ்' என்றால் சாப்பாட்டுக் கடை மட்டுமல்ல, திருவல்லிக்கேணி மேன்ஷன் மாதிரி தங்கிச் சாப்பிடும் இடம். ஒன்பது ஆண்டுகளில், 1920-ல், நட்சத்திரங்களின் ஒளியைக் கொண்டு அவற்றின் வெப்பநிலையையும் உட்பொருளையும் அறிய வழிவகுத்த சமன்பாட்டைக் கண்டவர் அவர். 1952-ல் கல்கத்தாவிலிருந்தே முதல் மக்களவைக்கும் போனார்.

தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மனம் கனக்கிறது. சுபாஷ் 1913-ல் பிரசிடென்சிக்கு வந்தார். சாஹா 1915-ல் எம்.எஸ்ஸி. முடித்தார். தாழ்வாரத்தில் வெள்ளைக்காரன் தள்ளியதைப் பொறுக்க முடியாத கல்லூரியும், பந்தியிலிருந்து ஒருவனை எழுப்பிவிட்ட கல்லூரியும் ஒன்றுதான். ஏறக்குறைய அதே ஆண்டுகள். படிக்கட்டுக்காகக் கல்லூரியே திரண்டது. பந்திக்காக வேலைநிறுத்தம் எதுவும் நடக்கவில்லை.

தமிழர்கள் இங்கே விரல் நீட்ட முடியாது. சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலம் தேசபக்தியை வளர்க்கவே பிறந்தது. அங்கேயும் இரண்டு பிராமணப் பையன்களுக்குத் தனிப் பந்தி. 1924-25-ல் அந்தச் சண்டை காங்கிரசையே உலுக்கியது. ஒரு வித்தியாசம் உண்டு. நம் ஊரில் அது அரசியலாக வெடித்து, ஒரு இயக்கத்தின் முன்கதையில் இடம்பிடித்தது. கல்கத்தாவில் அது ஒரு மேதையின் வாழ்க்கை வரலாற்றில் இரண்டு வரியாக அடங்கிவிட்டது.

கல்கத்தா பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்த ஆஷுதோஷ் முகர்ஜியைப் பற்றிச் சொல்லாமல் இந்தத் தெருவைக் கடக்க முடியாது. 1910-ல் முகம்மது ஷஹீதுல்லா என்ற மாணவர் சமஸ்கிருதத்தில் சிறப்புத் தகுதியோடு பி.ஏ. தேறி, எம்.ஏ. படிக்க வந்தார். முஸ்லிமுக்கு வேதம் சொல்லித்தர முடியாது என்று பண்டிதர் மறுத்துவிட்டார். தமிழில் எம்.ஏ. படித்தவனுக்கு இது வேறு விதமாக உறைக்கிறது. சீவக சிந்தாமணியைச் சமணருக்கும் சீறாப்புராணத்தை முஸ்லிமுக்கும் மட்டும் என்று பிரித்துக்கொடுத்தால் எங்கள் வகுப்பில் எத்தனை பேர் மிஞ்சியிருப்போம்? ஆஷுதோஷ் பண்டிதரோடு மல்லுக்கட்டவில்லை. ஒப்பீட்டு மொழியியலுக்கு வழி செய்து மாணவரை அங்கே உட்காரவைத்தார். 1912-ல் எம்.ஏ. வாங்கிய ஷஹீதுல்லா வங்க மொழியியலின் பெரும் பெயர்களில் ஒருவரானார். மாணவருக்கு வேறு வகுப்பு கிடைத்தது. பண்டிதரின் வகுப்புக் கதவு மூடியபடியே இருந்தது. இது வெற்றியா, சமாளிப்பா என்று இன்றுவரை என்னால் தீர்மானிக்க முடியவில்லை.

தமிழர்களுக்கு இந்த நகரில் சொந்தக் கதை ஒன்றும் உண்டு. 1907-ல் நிதித்துறை அதிகாரியாக வந்த சி.வி. ராமன், பௌபஜார் தெருவின் விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தில் காலையும் மாலையும் ஆராய்ச்சி செய்தார். தாரக்நாத் பாலித் கொடுத்த நன்கொடையில் உருவான பேராசிரியர் பதவியை இந்தியப் பெற்றோருக்குப் பிறந்தவர்களுக்கே தர வேண்டும் என்பது நிபந்தனை. ஜகதீஷ் போஸின் மூன்றில் ஒரு பங்குச் சம்பளத்துக்கு ஒரு வங்காளி தந்த பதில் என்று அதை எடுத்துக்கொள்ளலாம். வெளிநாட்டில் பயிற்சி பெற வேண்டும் என்ற இன்னொரு விதியை ராமன் ஏற்க மறுத்தபோது, ஆஷுதோஷ் அந்த விதியையே தளர்த்தினார். 1917-ல் வங்கத்தின் மிக உயர்ந்த விஞ்ஞான நாற்காலி ஒரு தமிழருக்குக் கிடைத்தது. 1930-ல் நோபல் பரிசு.

பிறகு முகம் மாறியது. கழகம் தென்னிந்தியர் கைக்குப் போகிறது என்ற முணுமுணுப்பு கிளம்பியது. 1933-ல் ராமன் பெங்களூருக்குப் போனார். 1934-ல் உறுப்பினர் கூட்டத்தில் கழகமும் அவர் கையை விட்டுப் போயிற்று. எதிர்த்த அணியில் சாஹாவும் இருந்தார். நம் வீடுகளில் இதை 'வங்காளிப் பொறாமை' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவது வழக்கம். ராமனின் நாக்கும் லேசுப்பட்டதல்ல என்பதைச் சேர்த்துச் சொல்வதில்லை. இன்னொன்றையும் சொல்வதில்லை: பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் இயக்குநரான அதே 1933-ல், கமலா பகவத் என்ற மாணவியை, பெண் என்பதற்காக ராமன் சேர்க்க மறுத்தார். அந்தப் பெண் விடவில்லை. அவர் அலுவலகத்தில் சத்தியாகிரகம் செய்து, ஓராண்டுச் சோதனைக் காலம் உள்ளிட்ட நிபந்தனைகளோடு உள்ளே நுழைந்தார். பின்னாளில் கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் வாங்கிய கமலா சோஹனி அவர்தான்.

நல்ல கதையும் இருக்கிறது. இதே இந்து ஹாஸ்டலில் 1902 முதல் தங்கிப் படித்த ஒரு பீகார்ப் பையனை, வங்காளிகள் நிறைந்த பிரசிடென்சி மாணவர் சங்கம் தன் செயலாளராகப் பெரும் வாக்கு வித்தியாசத்தில் தேர்ந்தெடுத்தது. மொழி வேறு, நடை உடை வேறு. பெயர் ராஜேந்திர பிரசாத். முதல் குடியரசுத் தலைவர் வாங்கிய முதல் ஓட்டுகள் காலேஜ் ஸ்ட்ரீட்டில் விழுந்தவை.

மாடியேறி காபி ஹவுஸில் உட்கார்ந்தால் இதையெல்லாம் அசைபோடலாம். பால் சேராத கறுப்புக் காபிக்கு 'இன்ஃப்யூஷன்' என்று பெயர். ஒரு கோப்பைக்கு ஒரு மணி நேரம் உட்காரலாம். தலைப்பாகை கட்டிய பரிமாறுபவர் முறைக்க மாட்டார். ஊழியர்களே கூட்டுறவு அமைத்து நடத்தும் இடம். காபியைப் பொறுத்தவரை தஞ்சாவூர்க்காரர்கள் எதிர்பார்ப்பை வாசலிலேயே கழற்றிவைத்துவிடுவது நல்லது.

இங்கே எந்த மேஜையிலும் காதில் விழக்கூடிய ஒரு வாசகம், வங்காளத்தில் சாதி கிடையாது என்பது. மார்க்சீயம் ஆண்ட 34 ஆண்டுகளில் அது ஏறக்குறைய அரசாங்கக் கருத்தாகவே இருந்தது: ஏழை, பணக்காரன் என்ற இரண்டு சாதிதான் உண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கில் மேற்கு வங்கத்தில் தாழ்த்தப்பட்டோர் 23.5 சதவீதம். தமிழ்நாட்டில் 20. நூற்றில் இருபத்து மூன்று பேர் இருந்தும் சாதி கண்ணில் படவில்லை என்றால், பார்க்கும் கண்ணைப் பற்றித்தான் கேட்க வேண்டும். 'பத்ரலோக்' என்ற வங்கச் சொல்லைத் தமிழில் பெயர்க்க நான் பலமுறை முயன்றிருக்கிறேன். 'கனவான்' போதாது, 'மேட்டுக்குடி' காரமாகிவிடுகிறது. அதற்கு எதிர்ச்சொல்லான 'சோட்டோலோக்' மட்டும் எளிதாக மொழிபெயர்ந்துவிடும். 'சின்ன ஆள்' என்றால் நம் ஊரில் எல்லோருக்கும் புரியும்.

இந்த நிம்மதியைக் குலைத்தது 1992 ஆகஸ்ட். நகரத்திலிருந்து வெகுதூரம் இல்லாத மேதினிபூரில், வித்யாசாகர் பெயரிலேயே அமைந்த பல்கலைக்கழகத்தில் மானிடவியல் படித்தவர் சுனி கோட்டால். லோதா சபர் பழங்குடியில் பட்டம் வாங்கிய முதல் பெண். பெருங்காமநல்லூரைக் கேள்விப்பட்ட தமிழர்களுக்கு லோதாக்களை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அதே குற்றப் பரம்பரைச் சட்டம் அவர்களையும் பிறவித் திருடர்களாகப் பதிவு செய்தது. 1952-ல் சட்டம் போனது. வகுப்பறையில் அந்த வசை போகவில்லை. தன் குலத்தைச் சொல்லி ஒரு பேராசிரியர் இழிவுபடுத்துகிறார், வகுப்புக்கு வந்தும் வரவில்லை என்று குறிக்கிறார் என்று சுனி புகார் செய்தார். விசாரணை அமைத்தார்கள், ஒன்றும் நகரவில்லை. ஆகஸ்ட் 16 அன்று அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 27. மகாஸ்வேதா தேவி விடாமல் எழுதினார். அப்போதுதான் கொல்கத்தா திரும்பிப் பார்த்தது. மானிடவியல் துறையிலேயே இப்படி நடந்தது என்பதை எந்த நாவலாசிரியரும் கற்பனை செய்யத் துணிந்திருக்க மாட்டார்.

2012-ல் பல்கலைக்கழக மானியக் குழு, ஒவ்வொரு கல்லூரியிலும் சமவாய்ப்புப் பிரிவும் பாகுபாட்டுப் புகார்களை விசாரிக்க ஓர் அதிகாரியும் வேண்டும் என்று விதி செய்தது. விதி நல்லதுதான். 2020 செப்டம்பரில், கொரோனா நேரத்தில் தேர்வு நடத்துவது பற்றிக் கருத்துச் சொன்னதற்காக, ஜாதவ்பூர் பல்கலைக்கழக வரலாற்றுப் பேராசிரியர் மருனா முர்மு இணையத்தில் வசைக்கு ஆளானார். சந்தாலிப் பெண், இட ஒதுக்கீட்டில் வந்தவர், தகுதியற்றவர் என்ற வசையைத் தொடங்கிவைத்தவர் நகரத்துக் கல்லூரி மாணவி ஒருவர். அதைப் பலர் பின்தொடர்ந்தார்கள். இம்முறை ஆசிரியர் சங்கம் வெளிப்படையாக முர்முவின் பக்கம் நின்றது. சாஹாவுக்கும் சுனிக்கும் கிடைக்காதது அது.

2010-ல் பிரசிடென்சி பல்கலைக்கழகமாகியது. 2015-ல் இந்து ஹாஸ்டலைப் பழுதுபார்க்க மூடினார்கள். மாணவர்களை நகரத்தின் வேறு மூலைக்கு அனுப்பினார்கள். வேலை இழுத்துக்கொண்டே போயிற்று. வீடு கொல்கத்தாவில் இருக்கும் பிள்ளைகளுக்கு இது செய்தி. புருலியாவிலிருந்தும் முர்ஷிதாபாதிலிருந்தும் வந்து படிக்கும் பிள்ளைகளுக்கு இதுதான் படிப்பே. விடுதி இல்லாவிட்டால் அவர்களுக்குக் கல்லூரியும் இல்லை. 2018 ஆகஸ்டில் மாணவர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு கல்லூரிக்குள்ளேயே வந்து தங்கினார்கள். செப்டம்பரில் பட்டமளிப்பு விழாவை வளாகத்துக்கு வெளியே, நந்தன் அரங்கில் நடத்த வேண்டியதாயிற்று. விடுதி பின்பு பகுதி பகுதியாகத் திறந்தது. பெயர் இன்னும் இந்து ஹாஸ்டல்தான்.